ஒரு சொல்லுக்கு இருபது

தபால் மஞ்சளில் ஒரு மூன்று சக்கர வண்டி.
இதுதான் என் பிக்கப் ட்ரக்.
மின்கலத்தில் ஓடும். லாங்நாவ் மேட்டில் ஏறும்போது
கொசுவைப் போல ஒரு ஸ்வரம் பிடிக்கும்.
அந்த ஸ்வரத்தில்தான் பல்லவி வரும்.
வந்தால் நிறுத்திவிடுவேன்.
"நீங்கள் வீட்டில் இல்லை" சீட்டின் பின்புறம் எழுதி
சட்டைப்பைக்குள் செருகி
அடுத்த பெட்டிக்கு ஒன்றரை நிமிடம் பிந்திப் போவேன்.

பன்னிரண்டு வருடத்தில் அறுபத்து மூன்று பாட்டு.
மேடை ஏறியவை நான்கு.

பூம்ப்ளிட்ஸிலிருந்து அக்கா கேட்கிறாள்:
"என்னடி அது, மாடு மேய்க்கிறவன்ட பாட்டா?"
இந்தப் பாட்டில் மாடே வராது அக்கா.
லீசிங் வரும். விவாகரத்து வரும்.
இரவு வேலை முடித்து வந்தவள்
வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு
இறங்காமல் பத்து நிமிடம் இருப்பது வரும்.
மூன்று கார்டுக்குள் முடித்துவிடவேண்டும்,
நாலாவது எங்கள் பேஸ்காரருக்குத் தெரியாது.

கஷ்டம் வேறிடத்தில்.
எனக்கு எதுகை வரியின் தலையில் வந்துதான் பழக்கம்,
இரண்டாம் எழுத்திலேயே கையைப் பிடித்து
அடுத்த வரிக்கு இழுத்துப்போகும்.
இங்கே எல்லாம் வாலில்.
இறங்கும் நிலையத்தை முதலில் முடிவுசெய்து
பிறகு ரயில் ஏறவேண்டும்.
தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் எழுதி,
பேர்ன் ஜெர்மனில் பேரம் பேசுகிறேன்.

பேரம் பேயாட் வூத்ரிச்சோடு.
பகலில் வெப்பக் குழாய் பொருத்துகிறவன்,
சனி இரவில் தொப்பிக்காரன்.
நான் "ஆப்பிள் மது" என்று எழுதியிருந்ததை
"விஸ்கி" என்று மாற்றினான்.
படிவத்தில் தன் பெயருக்கு நேரே ஐம்பது சதவீதம் போட்டான்.
ஒரு சொல்லுக்குப் பாதிப் பாட்டா என்று
அவன் வீட்டுப் படிக்கட்டில் நின்று கத்தினேன்.
மூன்று வாரம் பேச்சில்லை.
கடைசியில் இருபது கொடுத்தேன்.

போன வருட உரிமைத்தொகை, எனக்கு:
முப்பத்தொரு பிராங்க், நாற்பது ராப்பன்.

போன சனி, ஐஸ் ஹாக்கி மண்டபம்.
கோடை என்பதால் பனி இல்லை, பலகை விரித்திருந்தார்கள்.
என் புதுப்பாட்டுக்கு
நாற்பது பேர் ஒரே நேரத்தில் இடப்பக்கம் திரும்பினார்கள்.
எழுதியவளை யாருக்கும் தெரியாது.
நான் கடுகு மேசையில் நின்றேன்.

பக்கத்தில் நின்றவரை எனக்குத் தெரியும்.
லெர்கன்வேக் பதினாலு.
முகத்தைவிட அவர் கடிதங்களை நன்றாகத் தெரியும்:
சாளரம் வைத்த உறைகள், பதிவுத் தபால்கள்,
ஜனவரிக்குப் பிறகு உறைகளில் ஒரே பெயர்.
கூடச்சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். பிழையாக.

நான் எழுதியது:
நீ ஓட்டிப்போன காருக்காக
இன்னும் காத்திருக்கிறேன்.

அவர் பாடியது:
நீ ஓட்டிப்போன காருக்காக
இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் அரை ஓசைதான் வித்தியாசம்.
தமிழில் சொல்லிப்பார்த்தேன்,
மோனைகூடக் கெடவில்லை.
பன்னிரண்டு வருடம் நான் தேடிய வரியை
இந்த மனுசன்
வாயில் பாணோடு மென்றுகொண்டிருந்தார்.

அன்றிரவே மாற்றிவிட்டேன்.
வியாழன் ஒலிப்பதிவு.
பேயாட் தொலைபேசியில் கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, "எங்கே எடுத்தாய் இதை?"
"வழியில்" என்றேன்.

திங்கள் காலை, பதினாலாம் எண்.
பதிவுத் தபால், லீசிங் நிறுவனத்திடமிருந்து.
வெறுங்காலோடு வந்து கதவைத் திறந்தார்.
கருவியை நீட்டினேன்.
விரலால் கையொப்பம் இட்டார்,
எதற்கு என்று கேட்காமல்.
படிவத்தில் மூன்றாவது பெயருக்கு இடம் இருக்கிறது,
அது எனக்குத் தெரியும்.
"நல்ல நாளாக இருக்கட்டும்"
என்றுதான் வாயில் வந்தது.

வண்டி மேட்டில் ஏறியது.
திரையில் அவர் பெயர் இன்னும் அணையவில்லை.
கொசு ஸ்வரம் பிடித்தது.
நான் நிறுத்தவில்லை.